ரோட்டு மட்டத்துக்கு மேலே

எங்கள் மலை ரோட்டில் சாங்தோ அம்மாவிடம் திட்டு வாங்காத ஆள் கிடையாது. மினி பஸ் ஓட்டுகிறவன், தபால்காரன், கேஸ் மீட்டர் பார்க்க வருகிறவள், சர்ச் போதகர் எல்லாரும் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடுமுறைகூட இல்லாமல் முப்பது வருடமாக வாங்கிக்கொண்டிருப்பவன் நான் ஒருவன்தான். என் இரும்புச் சாமான் கடை ரோட்டுக்கு மேல் பக்கம், அவள் வீடு ரோட்டுக்குக் கீழ்ப் பக்கம். காலையில் நான் ஷட்டரைத் தூக்கும் சத்தம் கேட்டால் போதும், எதிர் மொட்டை மாடியிலிருந்து குரல் வரும்.

"வந்துட்டான்யா சுத்தியல்! இன்னிக்கு யார் வீட்டை உடைக்கிறதா உத்தேசம்?"

வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். ஏதோ கிழவியின் விளையாட்டு என்று நினைத்துக்கொள்வார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு திருகாணி டப்பாக்களை வெளியே எடுத்து வைப்பேன்.

அவளுடைய பெயர் தாக் பூனிம். அடையாள அட்டையில் தவிர வேறெங்கும் அந்தப் பெயருக்கு வேலை இல்லை. மூத்த பிள்ளை சாங்தோ பிறந்த நாளிலிருந்து அவள் சாங்தோ அம்மா. அவன் ஊரை விட்டுப் போய் முப்பது வருடமாகியும் அவள் சாங்தோ அம்மாதான். "சாங்தோ அம்மா, குளிரா இருக்கே" என்று யாராவது சாதாரணமாகக் கேட்டால்கூட ஒரு நொடி அவள் முகம் சுருங்கும். பிறகு திட்டு ஆரம்பிக்கும்.

எங்கள் துறைமுக ஊரான பூசானுக்கு முதுகு முழுக்க மலை. கொரியச் சண்டைக்காலத்தில் வடக்கிலிருந்து ஓடிவந்தவர்கள் அந்த மலைமேல் தகரத்தையும் அட்டையையும் வைத்து ஏறிக்கொண்டே போனார்கள். பிறகு வந்த அரசாங்கம் மலையின் இடுப்பைச் சுற்றி ஒரு ரோடு போட்டது. ரோட்டுக்குக் கீழே இருக்கும் வீடுகளின் மொட்டை மாடி சரியாக ரோட்டு மட்டத்தில் இருக்கும். ரோட்டிலிருந்து ஒரு எட்டு வைத்தால் அடுத்தவன் தலைமேல் நிற்கலாம். வீட்டுக்குள் போகவேண்டுமானால் பக்கவாட்டில் பதினான்கு படி இறங்கவேண்டும். அந்த வீடுகளுக்கு ஒரு சட்டம் உண்டு: ரோட்டு மட்டத்துக்கு மேலே ஒரு சாண்கூட எழும்பக் கூடாது. ஏன்? ரோட்டில் போகிறவர்களுக்குக் கடல் தெரியவேண்டுமாம்.

இந்தச் சட்டத்தை எழுதினவன் கையில் கிடைத்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. பஸ்ஸில் உட்கார்ந்து தூங்கி வழிந்துகொண்டு போகிறவனுக்குக் கடல். அதே கடலில் மூட்டை தூக்கினவனுக்கு ஒற்றை அறை. இப்போது துறைமுகத்தில் கப்பல் நின்ற இடத்திலேயே அறுபது மாடிக் கட்டடங்களை எழுப்பிவிட்டார்கள், எங்கள் ரோட்டிலிருந்து பாதிக் கடல் காணாமல் போய்விட்டது. அது கடலை மறைக்கவில்லையா என்று கேட்டால், அது வேறு வட்டாரம், வேறு விதி என்கிறார்கள். பணக்காரனுக்கு எப்போதும் வேறு வட்டாரம்.

சாங்தோ அம்மா பதினேழு வயதில் ஹப்சோன் மலைக்கிராமத்திலிருந்து இங்கே வந்தவள். ரப்பர் ஷூ கம்பெனியில் அடிப்பகுதிக்குப் பசை தடவினாள். பசை வாடையில் தலை சுற்றி விழுந்தால் வெளியே இழுத்துப் போட்டு முகத்தில் தண்ணீர் அடித்து மறுபடி உள்ளே அனுப்புவார்களாம். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய ஹோ என்பவரைக் கட்டிக்கொண்டாள். ஒரு மகன், இரண்டு மகள்கள். ஷூ கம்பெனி மூடியதும் துறைமுக வாசலுக்குப் பக்கத்தில் நாலு மேசை போட்டு ஒரு சூப் கடை வைத்தாள். காய்ந்த முள்ளங்கி இலையும் சோயா விழுதும் போட்ட சூப், சோறு, ஒரு துண்டு வறுத்த அயிலை. வேறு எதுவும் கிடையாது. வேறு எதுவும் கேட்டால் திட்டு. அந்தச் சூப்புக்கு வேண்டிய விழுது மொட்டை மாடியில் பதினோரு மண் ஜாடிகளில் இருக்கும். வெயில் வந்தால் மூடியைத் திறப்பாள், மேகம் கூடினால் கடையைப் போட்டுவிட்டு மலையேறி ஓடிவந்து மூடுவாள். வீட்டுக்குள் எள் போட இடமில்லை. அவளுக்கென்று இருந்தது அந்த மாடி ஒன்றுதான்.

சாங்தோவும் நானும் ஒரே பள்ளிக்கூடம். நான் மூன்று வயது பெரியவன், ஆனால் இரண்டு தடவை பெயிலானவன் என்பதால் பள்ளியில் அவ்வளவு தூரமில்லை. ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்த வருடம் அவனுக்குப் பத்தொன்பது. எதிர்த் தீவில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் துரு தட்டிக்கொண்டிருந்தான். தங்கைகளுக்குப் பதினாறு, பதின்மூன்று. ஐந்து பேரும் ஒரே அறையில் படுத்தால் ஒருவர் புரள மற்ற நால்வரும் புரளவேண்டும். வயதுக்கு வந்த தங்கைகள் துணி மாற்ற அவன் பனியிலும் வெளியே போய் நிற்பான். ஒரு நாள் சரக்குப் பெட்டிப் பலகைகளை முதுகில் தூக்கிக்கொண்டு வந்து மொட்டை மாடியில் நாலு தூண் நட்டு, தார்ப்பாய் போட்டு, ஓர் அறை கட்டிவிட்டான். அதில் நிற்க முடியாது, உட்காரத்தான் முடியும். உள்ளே உட்கார்ந்து நானும் அவனும் சீட்டாடியிருக்கிறோம். தன் இடத்துக்குள் நுழைகிறவனைப் போலச் செருப்பை வெளியே வரிசையாக விடுவான்.

எனக்கு அப்போது வேலை இல்லை. போட்டிக்கு வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள், படகுப் போட்டி இங்கேதான் நடக்கும், ரோடு சுத்தமாக இருக்கவேண்டும் என்று வார்டு அலுவலகம் இடிப்பு வேலைக்குத் தினக்கூலி ஆட்களை எடுத்தது. நான் சேர்ந்தேன். மூன்றாம் நாள் லாரியில் ஏறிய பிறகுதான் அன்றைய பட்டியலைப் பார்த்தேன். இறங்கியிருக்கலாம். வயிற்று வலி என்று சொல்லியிருக்கலாம். நான் இறங்கவில்லை. சாங்தோ பட்டறைக்குப் போயிருந்தான். அவன் அம்மா மாடியில் ஜாடிகளுக்கு முன்னால் நின்றுகொண்டு என்னையே பார்த்தாள். மேஸ்திரி என் கையில் சுத்தியலைக் கொடுத்தார்.

அறையை இடித்த பதினோராம் நாள் சாங்தோ சூரை மீன் பிடிக்கும் தூரக்கடல் கப்பலில் ஏறிவிட்டான். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். ஸ்பெயின் நாட்டு லாஸ் பால்மாஸ் என்ற ஊரில் கரை இறங்கி, அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டி, கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் கடை வைத்திருக்கிறான். அப்பா இறந்தபோது ஒரு தடவை வந்தான். ஆஸ்பத்திரியில் இருக்கும் சாவுக் கூடத்திலேயே மூன்று நாள் இருந்துவிட்டு, மலையேறாமலே விமானம் ஏறிவிட்டான். நான் அந்தப் பக்கமே போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

இதெல்லாம் பழைய கதை என்று விட்டுவிடலாம். விட்டுவிட முடியாதபடி செய்தது இந்த வருடம் வார்டு அலுவலகம் செய்த காரியம்.

எங்கள் ரோட்டுக்கு அவர்கள் "கதை சொல்லும் ரோடு" என்று பெயர் வைத்தார்கள். சுவரெல்லாம் படம். ஒழுகும் வீட்டுச் சுவரில் தேவதைச் சிறகு. அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளச் சனி ஞாயிறுகளில் கூட்டம். கழுத்து நிறைய வியர்வையோடு ஏறிவந்து, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "ஐயோ, எவ்வளவு அழகா இருக்கு, அந்தக் காலத்துல இப்படித்தான் இருந்திருப்பாங்க" என்பார்கள். உள்ளே மனிதன் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பான். எந்தக் காலத்தில்? இந்தக் காலத்தில்தான், மூதேவிகளே.

மே மாதம் சாங்தோ அம்மா உல்சானில் இருக்கும் பெரிய மகளுக்குப் பித்தப்பை ஆபரேஷன் என்று போய்ப் பத்து நாள் இருந்தாள். அந்தப் பத்து நாளில் அவள் மாடிமேல் ஒரு மர மண்டபம் எழும்பிவிட்டது. நாலு தூண், மேலே கூரை, மூன்று பக்கம் கண்ணாடி, நடுவில் இதய வடிவில் ஒரு பெஞ்சு. "கடல் பார்க்கும் மண்டபம்" என்று பலகை. எழுப்பும்போது நான் எதிரில்தான் இருந்தேன். குறைந்துபோன திருகாணிகளை என் கடையில்தான் வாங்கினார்கள். வீட்டுக்காரம்மா சம்மதம் கொடுத்துவிட்டாளா என்று கேட்டேன், கையெழுத்தே இருக்கிறது என்றார்கள். ஒரு ஃபோன் போட்டு அவளைக் கேட்டிருக்கலாம். போடவில்லை. எனக்கு அவளிடம் பேசத் தைரியம் இல்லை என்பதுதான் உண்மை, மற்றதெல்லாம் சாக்கு.

திரும்பி வந்த அன்று மினி பஸ்ஸிலிருந்து மூட்டையோடு இறங்கினாள். அவள் மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர். இரண்டு பெண்கள் ஒரு ஜாடியைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"யாருடி நீங்க?"

"சும்மா சுத்திப் பார்க்க வந்தோம் ஆன்ட்டி. ஏன் ஆன்ட்டி, இதுக்குக் கீழ யாராச்சும் நெஜமாவே குடியிருக்காங்களா?"

"பேய் குடியிருக்கு. அது நான்தான். இறங்குங்கடி!"

ஓடினார்கள். அப்போதுதான் அவள் ஜாடிகளைப் பார்த்தாள். பதினோரு ஜாடியையும் ஒரு மூலையில் நெருக்கித் தள்ளி, தன்னார்வக் கல்லூரி மாணவர்களை விட்டு, பெயின்ட் அடித்திருந்தார்கள். ஒன்றில் தொப்பி போட்ட அயிலை சிரித்தது. ஒன்றில் கடற்காகம். ஒன்றில் "உன்னை நேசிக்கிறேன்".

மண் ஜாடி மூச்சு விடும். அந்த மூச்சில்தான் விழுது பக்குவமாகும். இது எங்கள் ஊரில் ஐந்து வயதுக் குழந்தைக்குத் தெரியும். அதன் உடம்பு முழுக்க எண்ணெய்ப் பெயின்ட் அடிக்க ஓர் அரசாங்கத்தால்தான் முடியும். அவள் என் கடைக்கு வந்து, சுரண்டும் தகடு ஒன்றைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போய், அன்று மாலை வரை சுரண்டினாள். பெயின்ட் மண்ணுக்குள் இறங்கியிருந்தது. மூன்று ஜாடியில் விழுது புளித்து, மேலே பச்சையாகப் பூத்துவிட்டது. மறுநாள் காலையில் அதை மலையடிவாரம் வரை சுமந்துபோய்க் கொட்டினாள். திரும்பி வரும்போது என் கடை வாசலில் நின்றாள்.

"சாங்தோ வர்றான்," என்றாள்.

எனக்குக் கை நின்றுவிட்டது.

"எனக்கு எழுபதாம். விருந்து வைக்கணுமாம். பொண்டாட்டி, ரெண்டு புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு ஆகஸ்ட்டு கடைசியில வர்றான். ஓட்டல்ல தங்க மாட்டானாம், வீட்டுலதான் தங்குவானாம். முப்பது வருஷம் கழிச்சு மலை ஏறி வர்றவன் முதல்ல எதைப் பார்ப்பான்? சொல்லு."

நான் மண்டபத்தைப் பார்த்தேன். சாங்தோ நட்ட நாலு தூணும் எங்கே இருந்தனவோ, கிட்டத்தட்ட அதே இடத்தில் நாலு தூண்.

"அவன் வர்றதுக்குள்ள இது இங்க இருக்கக் கூடாது. கடையை மூடு. வா என்கூட."

"நான் எதுக்கும்மா?"

"அந்த ஆபீஸ்ல கூலி வாங்கித் தின்னவன்தானே நீ? அவனுங்க பாஷை உனக்குத்தான் புரியும்."

நூற்று நாற்பது படி இறங்கினோம். பக்கத்திலேயே சுற்றுலாக்காரர்களுக்குச் சாய்வு ரயில் ஒன்று விட்டிருக்கிறார்கள். அதில் ஏறலாமே என்றேன். "நீ ஏறு. முட்டி வலிக்க இந்தப் படியில தண்ணிக் குடம் தூக்கினப்போ எவனும் ரயில் விடலை" என்றாள்.

படி முடிகிற இடத்தில் ஜப்பான்காரன் காலத்துச் செங்கல் கிடங்கு. இப்போது காபிக் கடை. வாசலில் அழகுக்காகச் சாக்கு மூட்டைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள், உள்ளே பஞ்சு.

"என் வீட்டுக்காரர் இடுப்பு ஒடிஞ்சது இங்கதான். அரிசி மூட்டை. இப்ப பஞ்சு மூட்டைக்கு முன்னால நின்னு போட்டோ எடுக்கிறானுங்க. டேய் தம்பி! தூக்கிப் பாருடா அதை! தூக்கிட்டு நாப்பது நடை நட!"

அந்தத் தம்பி காபியைக் கையில் பிடித்தபடி விழித்தான். நான் அவளைத் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனேன். சீனர் தெருவின் சிவப்பு வளைவைத் தாண்டி, ரஷ்ய எழுத்துப் பலகைகள் தொங்கும் கடைகளைத் தாண்டி, மாலுமிகள் குடித்துவிட்டு விழுந்துகிடக்கும் சந்தில் புகுந்தோம். அங்கே மட்டும் அவள் யாரையும் திட்டவில்லை. பிறகு ஷூ கம்பெனி இருந்த இடம். முப்பது மாடி அடுக்குமாடி வீடுகள், வாசலில் நினைவுச் சின்னமாக ஆள் உயரத்துக்கு வெண்கலத்தில் ஒற்றை ஷூ.

"பசை நாத்தத்தையும் வெண்கலத்துல செஞ்சு வைக்கச் சொல்லு," என்று அதன் மூக்கில் ஒரு அறை விட்டாள். கை வலித்திருக்கும். காட்டிக்கொள்ளவில்லை. எட்டு வழிச் சாலையைக் கடந்து கண்ணாடிக் கட்டடங்களின் நிழலுக்கு வந்ததும் ஒரு நிமிடம் நின்று மூச்சு வாங்கினாள். அங்கிருந்து பார்த்தால் எங்கள் மலை முழுசாகத் தெரியும். பல நிற டப்பாக்களைக் கொட்டிவைத்த மாதிரி இருந்தது. அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வார்டு அலுவலகத்தில் அந்தத் திட்டத்தைப் பார்ப்பவன் யோம் என்ற இளம் அதிகாரி. முப்பது வயதிருக்கும். எழுந்து நின்று குனிந்து வணங்கினான். குளிர்ந்த பார்லித் தண்ணீர் கொடுத்தான். மரியாதைக்குக் குறைச்சலே இல்லை.

"உட்காருங்க பாட்டிம்மா."

"யாருடா பாட்டி? உங்க அம்மாவை நானா பெத்தேன்?"

"மன்னிச்சிருங்கம்மா. என்ன விஷயம், சொல்லுங்க."

"என் மாடியில இருக்கிறதை எடு."

அவன் ஒரு கோப்பைக் கொண்டுவந்து விரித்தான். மூன்று வருடம் முன்னால் மாடி ஒழுகியபோது வார்டு அலுவலகம் தார் பூசிக் கொடுத்தது. அதற்கு அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள். பதினோராவது வரியில், மேல்தளத்தைப் பொதுப் பயன்பாட்டுக்கு விடச் சம்மதம் என்று இருந்தது. எறும்பு சைஸ் எழுத்து.

"தண்ணி ஒழுகுது, தார் பூசறோம்னுதானே சொன்னீங்க?"

"அதுவும் இருக்கும்மா. இதுவும் இருக்கு."

"பத்து வரியில தார் பூசிட்டுப் பதினோராவது வரியில என் தலையில மிளகாய் அரைச்சிருக்கீங்க."

"அப்படி இல்லம்மா. அந்தக் காட்சி எல்லாருக்கும் சொந்தமானது இல்லையா? மாசம் ஆறாயிரம் பேர் வர்றாங்க. உங்க ஏரியாவுக்கே உயிர் வந்திருக்கு. ஜாடி விஷயத்துல தப்பு நடந்திருக்கு, ஒத்துக்கறேன். புது ஜாடி வாங்கித் தர்றோம். கம்பெனி விழுது நல்லதா ரெண்டு டப்பா..."

டப்பா என்று சொன்னதும் அவள் எழுந்துவிட்டாள். அவன் காலர் அவள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அதனால்தான் நான் குறுக்கே பேசினேன், வேறு தைரியத்தினால் அல்ல.

"சார், அந்த மண்டபம் ரோட்டு மட்டத்துக்கு மேல எவ்வளவு உயரம்?"

யோம் முகம் மலர்ந்தான். "ரெண்டு மீட்டர் நாப்பது. உயரமான ஆளுங்களும் தலை இடிக்காம நிக்கணும்ல? வடிவமைப்புக்கு நகர அளவுல பரிசுகூட..."

அவன் சொல்லிக்கொண்டே போனான். சாங்தோ அம்மா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு வெளியே நடந்தாள். அவள் ஓர் இடத்திலிருந்து திட்டாமல் வெளியேறியதை அன்றுதான் பார்த்தேன்.

வாசல் படியில் கேட்டாள். "சாங்தோ கட்டினது எவ்வளவு?"

"ஒரு மீட்டர் முப்பது."

"அவ்வளவு கரெக்டா எப்படித் தெரியும்?"

"டேப் பிடிச்சது நான்தாம்மா. உடைக்கிறதுக்கு முன்னால அளந்து எழுதணும்."

நூற்று நாற்பது படியும் அவளே எனக்கு முன்னால் ஏறினாள். ஏறியதும், "எழுது" என்றாள்.

எழுதினேன். அவர்களுடைய பாஷையில், அவர்களுடைய படிவத்தில், ரோட்டில் நின்றே டேப் பிடித்து எடுத்த படங்களோடு புகார் எழுதினேன். ரோட்டு மட்டத்துக்கு மேல் எழும்பக் கூடாது என்ற விதியை மீறிக் கட்டடம் எழுப்பியிருப்பது: வார்டு அலுவலகம். ஏழு நாளில் பதில் வந்தது. அது கட்டடம் அல்ல, பொதுமக்கள் வசதி அமைப்பு, ஆகவே விதி பொருந்தாது என்றார்கள். அவள் அலமாரியின் அடியில் துணிக்குக் கீழே கையை விட்டு ஒரு காகிதத்தை எடுத்துவந்தாள். சாங்தோவின் அறையில் அன்று ஒட்டிய இடிப்பு நோட்டீஸ். அதில் அதே அலுவலகம் எழுதியிருந்தது: நாலு தூணும் மேலே மறைப்பும் இருந்தால் எந்தப் பொருளால் ஆனதாக இருந்தாலும் அது கட்டடம்.

அதைப் படியெடுத்து நகர மன்றத்துக்கு அனுப்பினோம். அனுப்பிவிட்டு அவள் சும்மா இருக்கவில்லை. தினமும் சூப் கடையை மதியத்தோடு மூடிவிட்டுப் போய் நகர மன்றத்தின் மூன்றாவது மாடி பெஞ்சில் உட்கார்ந்தாள். வருகிற போகிறவர்களிடம் எல்லாம் நோட்டீஸைக் காட்டினாள். லிஃப்ட் பெண்ணுக்குக்கூட அந்த வாசகம் மனப்பாடமாகிவிட்டதாம். ஜூலை போனது. ஆகஸ்டு பிறந்தது. நாள் நெருங்க நெருங்க அவள் தூங்காத கண் சிவந்து, யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தாள். கடையில் சூப்பு உப்பாக இருக்கிறது என்று சொன்ன ஒரு கிரேன் ஆபரேட்டர் கிண்ணத்தோடு வெளியே தள்ளப்பட்டான். எனக்கும் கோபம். அவர்கள்மேல் பாதி, என்மேல் பாதி.

நகர மன்றத்திலிருந்து ஓர் ஆய்வாளர் அம்மாள் அளவுகோலோடு வந்தாள். அளந்தாள். நோட்டீஸைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். "இதை எழுதினது இதே ஆபீஸா?" என்று கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். பத்து நாளில் அகற்றவேண்டும் என்று உத்தரவு வந்தது. யோம் ஃபோன் செய்து, அகற்றுகிறோம், தயவுசெய்து பத்திரிகைக்காரர்களிடம் போகவேண்டாம் என்றான். அவன் ஃபோனை வைக்கும் முன் அவள் அவனுடைய ஏழு தலைமுறையையும் விசாரித்தாள்.

நேற்று திங்கட்கிழமை அகற்ற வந்தார்கள். நாலு பேர், வெள்ளைக் கையுறை. முதலில் கண்ணாடிக்கு நுரைப் பாய் சுற்றினார்கள். ஒவ்வொரு பலகையிலும் எண் ஒட்டினார்கள். கைக் கருவியால் ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றி, சைஸ் வாரியாக டப்பாவில் போட்டார்கள். வேறு வார்டில் ஒரு பூங்காவில் வைக்கப்போகிறார்களாம். "பயப்படாதீங்கம்மா, ஒரு கீறல் விழாது" என்றான் மேஸ்திரி, அவளுக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு. இதய பெஞ்சை இரண்டு பேர் குழந்தையை ஏந்துவதுபோல ஏந்தி லாரியில் ஏற்றினார்கள்.

அவள் ஜாடிகளுக்குப் பக்கத்தில் ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஜெயித்தவள் முகமாக அது இல்லை. ஒரு வாய் சாப்பிடவில்லை. லாரி போனதும் கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டாள். ரோட்டைக் கடந்து, முப்பது வருடத்துக்குப் பிறகு, அந்த மாடியில் கால் வைத்தேன்.

"எத்தனை மணி நேரம் ஆச்சு இவனுங்களுக்கு?"

"காலைல எட்டரைக்கு ஆரம்பிச்சாங்க. இப்ப நாலே கால்."

"அன்னிக்கு?"

நான் தூண்கள் இருந்த நாலு துளைகளையும் பார்த்தேன்.

"கேக்கிறேன்ல?"

"பத்து நிமிஷம். அதுக்கும் கம்மியா இருக்கும்."

"உள்ள போர்வையை மடிச்சு வெச்சிருந்தான். தலகாணிமேல சட்டையை மடிச்சு வெச்சிருந்தான். எடுத்துக்கிறேன் இருங்கடான்னு கத்தினேன். நீ காதுலயே வாங்கலை."

"வாங்கினேம்மா. கேட்டுச்சு." என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "அதனாலதான் அவன் என்கிட்ட ஒரு வார்த்தைகூட சொல்லாமப் போனான். அது எனக்குத் தெரியும்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன தெரியும் உனக்கு? அவனுக்கே தெரியாது."

"என்னது?"

"வார்டு ஆளுங்க வந்தாங்கன்னுதான் சொன்னேன். யார் யாருன்னு சொல்லலை. அக்கம்பக்கத்துல ஒருத்தியையும் வாயைத் திறக்க விடலை."

மினி பஸ் ஒன்று எங்களுக்குப் பின்னால் நின்று, ஆளை இறக்கிவிட்டுப் போனது. 

"ஏம்மா?"

"உன்மேல பாசம்னு நெனச்சியா? தூ! அன்னிக்கு ராத்திரி அவன் இருந்த இருப்புக்கு, உன் பேரைச் சொல்லியிருந்தா உன்னைக் கொன்னுட்டு ஜெயிலுக்குப் போயிருப்பான். எனக்கு இருந்தது ஒரே ஆம்பளப் புள்ள. ஜெயிலுக்குப் போறதுக்குக் கடலுக்குப் போகட்டும்னு வாயை மூடிக்கிட்டேன். அப்புறம் உன்னைப் பார்க்கிறப்போ எல்லாம் திறந்தேன். வேற எங்க கொட்டுவேன் அதை?" மூக்கைப் புறங்கையால் துடைத்தாள். "வருஷா வருஷம் ஃபோன்ல உன்னைத்தான் கேக்கிறான், மான்சிக் எப்படி இருக்கான், சொல்லிக்காம வந்துட்டேன், தப்பா நெனச்சிருப்பான்னு. நல்லா இருக்கான்டா, கடை வெச்சிருக்கான்டான்னு சொல்லிச் சொல்லி என் நாக்குப் புண்ணாப் போச்சு. எனக்கு எழுபது ஆயிடுச்சு. இனிமே என்னால முடியாது. வெள்ளிக்கிழமை வர்றான். நீயே சொல்லிடு."

மீன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பதினான்கு படியும் இறங்கிப் போய்விட்டாள்.

இன்று செவ்வாய்க்கிழமை. ஷட்டரைத் தூக்கியபோது எதிரிலிருந்து குரல் வரவில்லை. கடையைப் பூட்டிக்கொண்டு தெகுவில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிடலாமா என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவள் மாடியில் ஜாடி மூடிகளைத் திறந்துவைத்துவிட்டு, அரை மணிக்கு ஒரு தடவை வந்து, நான் இருக்கிறேனா என்று பார்த்துவிட்டுப் போகிறாள்.